எக்மோர் எலியட்டும் எங்க அப்பாவோட ஃபைலும்

எக்மோர் கண்ணாஸ்பத்திரி 1819ல ஆரம்பிச்சது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்துலயே பழசுன்னு சொல்லுவாங்க. அதெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. நான் எழுத வந்தது 1904ல அங்க தலைமைப் பொறுப்புக்கு வந்த ராபர்ட் ஹென்றி எலியட் பத்தி.

க்ளாக்கோமா தெரியும்ல? கண்ணுக்குள்ள ஊறுற நீர் சரியா வடியாம அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போற வியாதி. எலியட் 1909ல ஒரு ஆபரேஷனை எழுதி வெளியிட்டார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேர்ற ஓரத்துல, ட்ரெஃபைன்னு ஒரு குட்டி வட்டக் கத்தியால துளை போட்டு, தேங்குற நீரைக் கண் சவ்வுக்கு அடியில கசிய விடுறது. சிம்பிளா சொன்னா, அடைச்ச சிங்க்குக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஓட்டை. மெட்ராஸ்ல பிறந்த இந்த முறை பல பத்தாண்டு உலகம் முழுக்கப் போச்சு. இப்ப பண்ற ட்ரபெகுலெக்டமி 1968ல தான் வந்தது.

(மனுஷன் மேஜிக் பைத்தியம் வேற. லண்டன் மேஜிக் சர்க்கிள்ல ஒரு கமிட்டிக்குத் தலைவரா இருந்து, 1934ல இந்தியக் கயிறு வித்தையை செஞ்சு காட்டுறவனுக்கு 500 கினி பரிசுன்னு அறிவிச்சாங்க. ஒருத்தரும் வாங்கலை :-) )

ஆனா ஓட்டை போட்டா அழுத்தம் தான் குறையும். போன நரம்பு திரும்பாது. அதனால எப்ப கண்டுபிடிச்சோம்ங்கறது தான் மேட்டரே. 1862ல பௌமன் இமை மேல விரல் வச்சு அழுத்திப் பாத்து T1, T2, T3ன்னு மார்க் போட்டார். 1905ல ஷியோட்ஸ் ஒரு கருவி செஞ்சார், பேஷண்டைப் படுக்க வச்சு கண்ணு மேல வைக்கிறது. அப்புறம் கோல்ட்மன். கடைசியில 21ங்கற நம்பர் நிலைச்சுப் போச்சு. 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல போனா வியாதி, கீழ இருந்தா நீ வீட்டுக்குப் போகலாம்.

அந்த நம்பரை நம்ம ஊர்லயே ஆட்டிப் பாத்தாங்க. சங்கர நேத்ராலயா டாக்டர்கள் ரோனி ஜார்ஜ், எல். விஜயா குழு 2001ல இருந்து 2004 வரைக்கும் நடத்தின சென்னை க்ளாக்கோமா ஸ்டடி. 40 வயசு தாண்டினவங்க, கிராமத்துல சுமார் 3900 பேர், சென்னை நகரத்துல 3850 பேர். கிராமம்னா திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டம். (தாம்பரம் அப்ப காஞ்சிபுரம் மாவட்டம் தான், ஆனா கிராமமும் இல்லை, சென்னை மாநகராட்சியும் இல்லை. வழக்கம்போல நடுவுல.) திறந்த கோண க்ளாக்கோமா கிராமத்துல 1.62 சதவீதம், நகரத்துல 3.51. கிராமத்துல கண்டுபிடிச்ச 64 பேர்ல 63 பேருக்கும், நகரத்துல 135 பேர்ல 127 பேருக்கும் அன்னிக்குத் தான் தெரியும். அதுலயும் பாதிக்கு மேல ஆளுங்களுக்கு பிரஷர் நார்மல்!

சரி, பிரஷர் ஏறின எல்லாருக்காவது வியாதி வருமா? அதுவும் இல்லை. அமெரிக்காவுல 1636 பேரை வச்சு நடந்த ஆய்வு, 2002ல வெளியானது. பிரஷர் அதிகம், நரம்பு நல்லா இருக்கு, இப்படிப்பட்டவங்க. மருந்து விடாதவங்கள்லயே அஞ்சு வருஷத்துல 9.5 சதவீதத்துக்குத் தான் வந்தது. மருந்து விட்டவங்கள்ல 4.4.

அதாவது ஒரு நாள் ரீடிங்கை வச்சு ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. நம்ம தொழில்ல ஒரே ஒரு லாக் லைனை வச்சு சர்வர் போச்சுன்னு சொல்ல மாட்டோம்ல, அந்தக் கதை. நரம்போட போட்டோ, பக்கப் பார்வை டெஸ்ட், பிரஷர், மூணையும் எடுத்து வச்சுக்கிட்டு, அடுத்த தடவை எடுத்ததோட ஒப்பிட்டு என்ன மாறியிருக்குன்னு பாக்கணும். பக்கப் பார்வை டெஸ்ட்ல பழக்கம் வர்றதுக்கே ரெண்டு மூணு தடவை ஆகும், முதல் ரிப்போர்ட்டை அப்படியே நம்ப முடியாது. இந்த ஒப்பிடுறது நடக்குற காலம் முழுக்க பேஷண்டுக்குப் பேர் 'சஸ்பெக்ட்'. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு, வேற நல்ல பேர் கிடைக்கலை போல.

எங்க அப்பா ரெண்டு வருஷமா சஸ்பெக்ட். சேலையூர்ல கண்ணாடி பவர் பாக்கப் போனப்ப, நரம்புக் குழி கொஞ்சம் பெருசா இருக்குன்னு சொல்லி அனுப்பினாங்க. பிரஷர் 17. பார்வை டெஸ்ட் ரெண்டு தடவையும் சுத்தம். இந்த வருஷம் கிளம்ப மாட்டேங்கறார். "அதான் நார்மல்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, அப்புறம் எதுக்குடா லீவ் போட்டுட்டு அலையணும்?"

அவருக்குக் காட்டினது சென்னை ஸ்டடியோட ரெண்டாம் பாகத்தை. ஆறு வருஷம் கழிச்சு அதே வீடுகளுக்குத் திரும்பப் போயிருக்காங்க. எத்தனை கதவு தட்டியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. முதல் தடவை க்ளாக்கோமா இல்லைன்னு இருந்தவங்கள்ல 2.9 சதவீதத்துக்குப் புதுசா வந்திருந்தது. வயசு ஏற ஏற அதிகம், நகரத்துல இன்னும் அதிகம். அப்பா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "அப்ப 97 பேருக்கு வரலை" ன்னார். கணக்கு சரிதான். அந்த 97ல நீங்க இருக்கீங்களா இல்லையான்னு அங்க போனாத் தான் தெரியும்னேன். கூடப் பிறந்தவங்களுக்கு இருந்தா நமக்கும் வர வாய்ப்பு அதிகம்னு வேற சொல்றாங்க. அதனால பம்மல் சித்தப்பாவுக்கும் போன் போட்டேன். "எனக்கெல்லாம் நல்லாத்தான் தெரியுதுடா" ன்னார். அந்த 63 பேரும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமைக்கு ரெண்டு பேருக்கும் சேர்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. பழைய போட்டோவை மறக்காம எடுத்துட்டுப் போகணும்.