மடையைத் திறப்பது யார்? - ஸ்பிரிங்கும் டேட்டாபேஸும்

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் ஒவ்வொரு வயல்காரரும் போய் மடையைத் திறப்பதில்லை. நீர்பாய்ச்சி திறப்பார், தண்ணீர் வயலுக்கு வந்துவிடும். ஜாவாவில் டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்பதும் இதேதான் நண்பர்களே. டேட்டாபேஸ் இணைப்பைத் தேடி கிளாஸ் போகாது. வெளியிலிருந்து அதன் கைக்கு வரும்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1997-ல் ஜேடிபிசி வந்தபோது முகவரி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் பலர் கோடுக்குள்ளேயே எழுதினார்கள். 1998-ல் வந்த ஈஜேபி அந்த வேலையை சர்வரிடம் விட்டது. ஆனால் சர்வர் இல்லாமல் சின்ன டெஸ்ட் ஓட்டுவதே பெரும்பாடு!

மாற்றாக கவின் கிங் 2001-ல் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். ராட் ஜான்சன் 2002-ல் தன் புத்தகத்தோடு தந்த கோடு ஸ்பிரிங்காக வளர்ந்தது. அதன் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது.

அப்போது எக்ஸ்எம்எல் ஃபைலில் மூன்று பீன்கள் எழுத வேண்டும்: டேட்டாசோர்ஸ், செஷன் ஃபேக்டரி, டிரான்சாக்‌ஷன் மேனேஜர். ஒன்றில் மற்றொன்றைப் பெயர் சொல்லிக் கோர்க்க வேண்டும். நீளம்தான், ஆனால் எது எதோடு சேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

2014-ல் ஸ்பிரிங் பூட் 1.0 வந்தது. சில வரி கொடுத்தால் போதும், மீதியை அதுவே அமைத்துக்கொள்ளும். 2018-ல் வந்த 2.0 முதல், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஹிகாரி பூல், அதிகபட்சம் 10 இணைப்புகள். பத்தும் வேலையில் இருந்தால் அடுத்தது 30 விநாடி காத்திருந்து எர்ரர் கொடுக்கும். நாமோ டேட்டாபேஸைத் திட்டுவோம்!

அதனால் அந்த மூன்று பீன்களையும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பாருங்கள். மடை இருக்கும் இடம் தெரிந்தால்தான் தண்ணீர் வராத நாளில் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியும்.