எந்த லாரி எந்த பங்க்குக்கு?

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில், சென்னைத் துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த ஏழு வாரத்துக்குள் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஜார்ஜ் டான்ட்சிக். வடசென்னை எண்ணெய்க்கும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு முடிச்சு விழ வெகுகாலம் இருந்தது.

1939-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நெய்மனின் வகுப்புக்கு டான்ட்சிக் தாமதமாக வந்தார். பலகையில் இரண்டு கணக்குகள். வீட்டுப்பாடம் என்று எண்ணி எழுதிக்கொண்டார். வழக்கத்தைவிடக் கடினமாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தாள்களைக் கொடுத்தார். சுமார் ஆறு வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். வாசலில் நெய்மன், கையில் அதே தாள்கள்!

அவை வீட்டுப்பாடம் அல்ல. புள்ளியியலில் அதுவரை யாரும் நிரூபிக்காத தேற்றங்கள். அந்த மாணவர்தான் 1947-ல், அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது, சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். கையிருப்பை எப்படிப் பங்கிட்டால் செலவு குறையும் என்று சொல்லும் முறை அது. அவரையே திணறவைக்க ஒரு பெட்ரோல் லாரி காத்திருந்தது.

1959-ல் அட்லாண்டிக் ரிஃபைனிங் கம்பெனியின் ராம்சரும் டான்ட்சிக்கும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கிடங்கு, பல பங்க்குகள், பல டேங்கர்கள். எந்த டேங்கர் எந்தெந்த பங்க்குக்கு எந்த வரிசையில் போனால் மொத்தத் தூரம் குறையும்? கேட்க எளிது. ஆனால் 12 பங்க்குகளை ஒரே வண்டி சுற்றிவரவே சுமார் 48 கோடி வரிசைகள் உண்டு. அவர்கள் கண்ட வழி நல்ல விடை தந்தது. அதுவே மிகச் சிறந்தது என்ற உறுதியைத் தரவில்லை. இடைவெளி திறந்தே கிடந்தது.

1964-ல் இங்கிலாந்தின் கிளார்க்கும் ரைட்டும் அதில் நுழைந்தார்கள். இரண்டு பங்க்குகளுக்குத் தனித்தனியாகப் போய்த் திரும்புவதைவிட, இரண்டையும் ஒரே சுற்றில் இணைத்தால் எவ்வளவு தூரம் மிச்சம்? மிச்சம் அதிகமுள்ள ஜோடியை முதலில் இணை, பிறகு அடுத்தது. காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும், அவ்வளவு எளிமை. வடசென்னை எண்ணெயோடு முடிச்சு விழும் காலமும் நெருங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவானது. 1969-ல் வடசென்னையின் மணலியில் அதன் எண்ணெய் சுத்திகரிப்பு தொடங்கியது.

இன்று தண்டையார்பேட்டைக் கிடங்குகளிலிருந்து டேங்கர்கள் புறப்படுவதற்குப் பின்னாலும், வாசலில் வந்து இறங்கும் கூரியர் பார்சலுக்குப் பின்னாலும் இருப்பது அதே 1959-ம் வருடக் கேள்விதான். எவ்வளவு பெரிய கணக்கானாலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் வழி இன்னும் யாருக்கும் அகப்படவில்லை. இன்னொரு குறையும் உண்டு. அந்த முதல் கணக்கு தூரத்தை மட்டுமே எண்ணியது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலும் எண்ணூர் சாலையின் கன்டெய்னர் வரிசையிலும் டிரைவர் இழக்கும் தூக்கம் அதில் இல்லை. வடசென்னைக்கு வழி வகுப்பவர்கள் அதையும் செலவாக எழுத வேண்டும்.