கணக்கில் வராத பிராயம்: கொங்குநாட்டு நூற்பாலை விடுதிகளும் இளையோர் ஆரோக்கிய ஆராய்ச்சியும்

பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்ட பிராயத்தினரை உலக சுகாதார நிறுவனம் தனி வகுப்பினராகக் கொள்கிறது. நம் மத்திய அரசும் 2014 ஜனவரியில் அவர்களுக்கென்றே 'ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்கிரமம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், எந்த வாசலில் நின்று ஆராய்ச்சி இளையோரை எண்ணுகிறதோ அந்த வாசல் வழியே வராதவர் இல்லாதவராகவே ஆகிவிடுகிறார் என்பதும், கொடுமுடி முதல் கோவை வரையிலான பிரதேசத்தில் அவ்வாறு இல்லாதவராக்கப்பட்டோர் நூற்பாலை விடுதிகளில் வாழும் யுவதிகளே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொள்வோம். வீடுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றில் வழக்கமாக வசிப்போரையும் முந்தின இரவு தங்கியோரையும் வினவி, விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் பெற்றுச் சோதிக்கும் அந்த ஆய்வு, 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில், இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59.1 சதவீதத்தினர் இரத்தசோகையுற்றிருப்பதாகக் கண்டது; முந்தைய சுற்றில் அது 54.1 சதவீதம். இத்தனை பெரிய உண்மையை வெளிக்கொணர்ந்த ஆய்வை இகழ்வது நன்றிகேடு. ஆனால் விடுதி வீடன்று. ராமநாதபுரத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஆலை வளாகத்துக்குள்ளேயே உண்டு உறங்கும் பெண், பிறந்த ஊர்ப் பட்டியலிலும் சேர்வதில்லை, வந்த ஊர்ப் பட்டியலிலும் சேர்வதில்லை. அரசு வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையோ பள்ளிக்கூடத்துக்கும் அங்கன்வாடிக்கும் செல்கிறது. இவள் இரண்டுக்கும் வெளியே நிற்கிறாள்.

அவள் வாழ்வு ஊரறியாத ரகசியமன்று. மூன்றாண்டு உழைப்பின் முடிவில் கல்யாணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி ஆளெடுத்த 'சுமங்கலித் திட்ட'த்தையும், 'கேம்ப் கூலி' என வழங்கும் விடுதி வேலைமுறையையும் பற்றி, நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ நிறுவனமும் அந்நாட்டு இந்தியக் குழுவும் 2011இலும் 2014இலும் அறிக்கைகள் வெளியிட்டன. அவை தொழிலாளர் உரிமை நோக்கில் எழுந்தவை. ஷிப்டு மாறிமாறி வரும் இரவுகளில் வளரும் சரீரத்தின் உறக்கம் என்னவாகிறது, பஞ்சுத் தூசி இளம் நுரையீரலை எவ்விதம் பாதிக்கிறது, மாதவிடாய் நாளிலும் எந்திரத்தை விட்டு நகர இயலாதவள் எந்த வலிமாத்திரையை விழுங்கி நிற்கிறாள் என்பனவெல்லாம் வைத்திய சாஸ்திரம் விடைகாண வேண்டிய வினாக்கள். நம் ஆய்வாளர்கள் இளம்பெண்ணின் இரத்தத்தைச் சோதிக்கும்போதுகூட அவளிடத்தில் நாளைய தாயைத் தேடுகிறார்களேயன்றி இன்றைய தொழிலாளியைத் தேடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வேறு வாசல் உண்டென்பதற்கு வேலூர் பிரத்தியட்சச் சான்று. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரத் துறையினர், கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நிகழ்ந்த ஒவ்வொரு மரணத்தையும் சுகாதாரப் பணியாளர் மூலம் குடும்பத்தாரிடமே விசாரித்துப் பதிந்து வந்தனர். 1992 முதல் 2001 வரையிலான அப்பதிவுகளிலிருந்து, 10 முதல் 19 வயதினரிடையே ஆண்டொன்றுக்கு லட்சம் பெண்களில் 148 பேரும் லட்சம் ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் மாண்டனர் என்ற கணக்கு 2004இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. அரசாங்கப் பதிவேட்டையே நம்பி அமர்ந்திருப்பாரின் கண்ணுக்கு இது புலப்பட்டிராது.

ஆலை விடுதிகளை எங்ஙனம் எண்ணுவது என்ற ஆக்ஷேபம் எழலாம். பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவேண்டுமென 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விதித்துள்ளபடியால், பட்டியலுக்கு ஆதாரம் ஏற்கெனவே இருக்கிறது. கடினமான விஷயம் வேறு: நிர்வாகத்தின் அனுமதியோடு நுழைந்து வார்டன் அருகிருக்கக் கேட்டால், "நல்லாத்தானுங்க இருக்கறோம்" என்பதற்குமேல் விடை கிடைக்காது. ஆகவே பொங்கல் விடுமுறையில் அவரவர் ஊரில், அவரவர் திண்ணையில் கேட்கவேண்டும். கொடுமுடியைச் சுற்றிய ஊர்களிலிருந்து ஆலை வேனில் போய்வரும் உள்ளூர்ப் பெண்களையும் உடன் சேர்த்தல் அவசியம். எந்திரமும் ஷிப்டும் ஒன்றாயிருக்க, இரவு தங்குமிடம் மட்டும் வேறாகும் இவ்விரு சாராரின் ஒப்பீடு, விடுதியின் பலாபலனைத் தனியே காட்டவல்லது. ஆனால் உள்ளூர்ப் பெண் ஒருவேளை நல்ல ஊட்டத்தோடு வளர்ந்தவளாயிருக்கலாம். வேலைக்குச் சேரும் நாளிலேயே இருவரின் எடையும் உயரமும் இரத்தமும் அளந்து வைத்தாலன்றி, மூன்றாண்டு கழித்துக் காணும் வேறுபாடு விடுதியினால் விளைந்ததா, பிறந்த வீட்டு வறுமையினால் விளைந்ததா என்று பிரித்தறிதல் இயலாது.