சின்னக் காசில் பெரியநாயகி

அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டியில் மூன்று அறைகள். ஒன்றில் வெற்றிலை, ஒன்றில் பாக்கும் சுண்ணாம்பு டப்பாவும். மூன்றாவது அறையில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்னச் செம்புக் காசு. எட்டு வயதில் ஒருநாள் அதை எடுத்துச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்த்தேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. "அது காசு இல்லடா, ஆத்தா" என்றாள் அப்பத்தா. அந்தக் காசு இப்போது என் மேசை மேல் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஒரு பக்கம் கால் மடித்து அமர்ந்த பெண்ணுருவம். மறுபக்கம் மூன்று தெலுங்கு எழுத்துகள்: வி, ஜ, ய.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இதுதான் அம்மன் காசு. தொண்டைமான் மன்னர்கள் தங்கள் சமஸ்தானத்துக்கென்று அச்சிட்டது. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 320. அதில் அமர்ந்திருப்பவள் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். 'பிரகத்' என்றால் பெரிய. தமிழில் சொன்னால் பெரியநாயகி. புழக்கத்திலேயே ஆகச் சிறிய காசில் பெரியநாயகியை உட்கார வைத்தார்கள். அந்தக் காசுக்கு வழங்கிய 'அரைக்காசு' என்ற பெயரையே அம்மனுக்கும் வைத்து அரைக்காசு அம்மன் என்று கூப்பிட்டார்கள் ஊர் மக்கள். அரண்மனையின் சமஸ்கிருதப் பெயரைச் சந்தைப் பெயர் தின்றுவிட்டது. எனக்கு இதில் வருத்தம் ஏதுமில்லை.

காசில் அம்மன் ஏறிய கதையை 1738-லிருந்து சொல்வது வழக்கம். அப்போது ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் (1730–1769). திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரை அவர் சந்திக்கிறார். பிரம்மேந்திரர் மௌன விரதம் பூண்ட துறவி. வாய் திறந்து உபதேசம் செய்யமாட்டார். ஆகவே மணலில் விரலால் மந்திரத்தை எழுதிக் காட்டினார். மன்னர் அந்த மணலைத் தம் அங்கவஸ்திரத்தில் அள்ளி முடிந்துகொண்டு அரண்மனைக்கு வந்தார் என்பது சமஸ்தானத்து மரபு. அந்த மணல் பெட்டியில் வைத்துப் பூசிக்கப்பட்டது. பிட்சாண்டார்கோயில் கோபாலகிருஷ்ண சாஸ்திரியைக் குருவாக அமர்த்திக்கொள்ளச் சொன்னதும், நவராத்திரியை விமரிசையாக நடத்தச் சொன்னதும் பிரம்மேந்திரரே என்பார்கள். அந்த நவராத்திரிக்கு வந்தவர்களுக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுக்கத்தான் அம்மன் காசு. 'விஜய' என்பது விஜயதசமியா, விஜயரகுநாதரா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்தட்டும் என்றே அந்தச் சொல்லைத் தேர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தொண்டைமான்கள் தங்கள் பெயருக்கு முன் 'ஸ்ரீ பிரகதாம்பாள் தாஸ்' என்று போட்டுக்கொண்டார்கள். நாடு அவளுடையது, தான் அவளுடைய வேலைக்காரன் என்று பொருள். திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா 1750-ல் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்து 'பத்மநாப தாசர்' ஆனதும் ஏறக்குறைய இதே காலம்தான். ஆனால் காசில் தன் தலையைப் போடாமல் அம்மனைப் போடுவது பணிவு மட்டும்தானா? அரிசி வாங்க வந்தவன் ஊர் திரும்பும்போது மடியில் மன்னனின் குலதெய்வத்தை முடிந்துகொண்டு போகிறான். இதைவிட நல்ல விளம்பரத்தை இன்றைய கட்சிக்காரர்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

நவராத்திரி அரிசியும் காசும் முதன்மையாகப் பிராமணர்களுக்குத்தான் போயின. இதை மறைத்து எழுத முடியாது. ஆனால் கொடுத்த காசு கொடுத்த கையில் தங்குவதில்லையே. அது உப்புக்காரியிடம் போகும், வண்டிக்காரனிடம் போகும், களத்துமேட்டுக்குப் போகும். கோயிலுக்குள் எல்லோரையும் விடாத காலம் அது. கோபுரத்துக்கு வெளியே நின்று கும்பிட்டவர்களில் எத்தனை பேர் அம்மனின் உருவத்தை இந்தச் செம்புத் துண்டில்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிற்பி செதுக்கிய எந்தச் சிலையும் அவ்வளவு கைகளுக்குப் போனதில்லை.

கலை என்று பார்த்தால் பழைய அம்மன் காசுகள் ஒன்றும் பிரமாதமில்லை. கையால் அடித்தவை, அச்சு நடுவில் விழாமல் ஓரம் ஒதுங்கியிருக்கும். சிலவற்றில் அம்மனின் முகம் ஒரு புள்ளி, கைகள் இரண்டு கோடு. எது மேல், எது கீழ் என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்தில், இங்கிலாந்தின் பர்மிங்காமில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். விளிம்பு வட்டமாயிற்று, அம்மனுக்கு மூக்கும் முழியும் வந்தன. அப்பத்தா வைத்திருந்தது அந்த ரகம். கடல் தாண்டி வந்தவள் என்று தெரிந்திருந்தால் பெட்டியில் வைப்பதற்கு முன் ஒருமுறை மஞ்சள் நீர் தெளித்திருப்பாள்.

காசை விட்டுக் கோயிலுக்குப் போவோம். ஊருக்கு வடமேற்கே பாறையைக் குடைந்த குடைவரைதான் திருக்கோகர்ணத்தின் மூலக்கோயில். இறைவன் கோகர்ணேசுவரர், மகிழ மரம் தலவிருட்சம் என்பதால் மகிழவனேசுவரர் என்றும் பெயர். காமதேனு தன் காதில் கங்கை நீரைக் கொண்டுவந்து அபிஷேகம் செய்தது என்பது தலபுராணம். கோ என்றால் பசு, கர்ணம் என்றால் காது. குடைவரைக்குள் ஒரு சுவரில் பிள்ளையார், எதிர்ச்சுவரில் கங்கையைச் சடையில் ஏந்தும் கங்காதரர். பல்லவர் வேலை என்று ஒரு கட்சி, பாண்டியர் வேலை என்று ஒரு கட்சி. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். வெளியே பாறை முகத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஏழு பெண்களைப் பாருங்கள். பெரும்பாலானோர் பிரகதாம்பாளைத் தேடிப் போகிற அவசரத்தில் இவர்களைக் கடந்துவிடுகிறார்கள். நானும் பலமுறை கடந்திருக்கிறேன்.

இவர்கள் சப்தமாதர்; ஊர் வழக்கில் ஏழு கன்னிமார். ஒரு முனையில் வீரபத்திரர், மறுமுனையில் பிள்ளையார் காவல். யார் யார் என்று அறிய முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும். முகங்கள் மூன்று தெரிந்தால் பிராமி. சூலம் என்றால் மாகேசுவரி. சங்கும் சக்கரமும் வைஷ்ணவிக்கு, வச்சிரம் இந்திராணிக்கு. முருகனின் சக்தி கௌமாரி. வாராகியை அடையாளம் காணக் குழந்தைக்கும் ஒரு நொடி போதும், பன்றி முகம். கடைசியில் சாமுண்டி: ஒட்டிய வயிறு, எலும்பு தெரியும் மார்பு. மற்ற அறுவரும் ஏதோ ஒரு தேவனின் சக்தி. சாமுண்டிக்கு மட்டும் அப்படி ஒரு கணவன் பெயர் தேவைப்படவில்லை. தமிழர்களின் பழைய காளி, கொற்றவை எல்லாம் அவளுக்குள் வந்து தங்கியதால்தான் அந்த மிடுக்கு என்று எனக்குத் தோன்றும்.

கவனியுங்கள், இந்த எழுவரும் யாருடைய மனைவியாகவும் பக்கத்தில் நிற்கவில்லை. தனி இருக்கையில், ஒரு காலை மடக்கி, ஒரு காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். கீரனூர்ப் பக்கம் மலையடிப்பட்டிக்குப் போனாலும் இதே வரிசையைக் காணலாம். அங்குள்ள சிவன் குடைவரையைக் குடைந்தவர் முத்தரையர் தலைவரான குவாவன் சாத்தன். பல்லவன் தந்திவர்மனின் 16ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டின் கடைசியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் எழுந்த திருக்கட்டளைக் கோயிலிலும் சுற்றாலைச் சிறுகோயில்களில் சப்தமாதருக்கு இடமுண்டு. மூலவரைச் சுற்றி அமரும் துணைத் தெய்வங்களான அந்தக் கால எண்பரிவாரத்தில் இன்னொருத்தியும் இருந்தாள்: சேட்டை என்கிற தவ்வை. காக்கைக் கொடி, துடைப்பம், ஒரு பக்கம் மாட்டுமுக மகன், ஒரு பக்கம் மகள். பருத்த வயிறோடு நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள். திருமகளுக்கு அக்காள், மூத்ததேவி. அந்த 'மூத்ததேவி'யைத்தான் நாம் 'மூதேவி'யாக்கி, காலையில் எழுந்திருக்காத பிள்ளையைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். கோயிலிலிருந்து குளக்கரைக்கும் வயலுக்கும் தள்ளப்பட்ட தவ்வைகள் எத்தனையோ.

சரி, பெரியநாயகி எப்போது வந்தாள்? முற்காலக் கோயில்களில் அம்மனுக்கென்று தனிச் சன்னதி கிடையாது. முதலாம் இராஜேந்திரன் காலம் தொட்டுத்தான் 'திருக்காமக்கோட்டம்' என்ற பெயரில் அம்மன் சன்னதிகள் கட்டப்படுகின்றன. பிறகு அம்மன் சன்னதி இல்லாத சிவன் கோயிலே இல்லை என்றாயிற்று. குடைவரைக் காலத்துத் தாய்மார்கள் எழுவர் வெளிப் பாறையில் இருக்க, உள்ளே ஈசனுக்குத் துணைவியாக ஒருத்தி அமைந்தாள். இந்த மாற்றத்தை மன்னர்களும் ஆச்சாரியர்களும் மட்டுமே செய்யவில்லை. குடுமியான்மலையில் மலையமங்கை என்னும் சௌந்தரநாயகிக்குச் சன்னதி எழுப்பியவள் உமையாள்நாச்சி என்கிற தேவரடியார். அகிலாண்டேசுவரி இருக்கும் அதே கோயிலில், தன் பொருளைக் கொண்டு இன்னோர் அம்மனை எழுந்தருளச் செய்தாள் ஒரு பெண். கோயிலுக்குப் போகிற வாசகர்கள் அந்தச் சன்னதியில் ஒரு நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

இத்தனை உருவங்கள் இருக்கும் இதே மாவட்டத்தில்தான் உருவமே வேண்டாம் என்ற அம்மனும் இருக்கிறாள். அறந்தாங்கிக்குப் பக்கத்து ஆவுடையார்கோயில், மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் ஆவுடையார் மட்டும். மேலே பாணம் இல்லை. அம்மன் யோகாம்பாள் சன்னதியிலும் சிலை கிடையாது. யோக பீடத்தில் இரண்டு பாதங்கள், அவ்வளவுதான். அதையும் கல் பலகணியின் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, முன்னால் நிற்பவர் நகரும் வரை காத்திருந்து பார்க்கும்போது தெரிவது ஓர் இருட்டும் அதில் ஒரு விளக்கும் இரண்டு அடித்தடங்களும். வேடிக்கை என்னவென்றால், கல்லில் எதையும் செய்துகாட்டுவோம் என்று சிற்பிகள் சவால் விட்ட கோயில் இதுதான். மரச்சட்டமும் ஆணியும் போலவே கல்லில் இழைத்த கொடுங்கையைக் காண ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவு வித்தை தெரிந்தவர்கள் அம்மனுக்கு வந்தபோது உளியைப் பாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கிராமத்தில் இந்த வாதமெல்லாம் இல்லை. கண்மாய்க் கரையில் ஏழு கல் நட்டால் கன்னிமார். திருவப்பூர் மாரியம்மனுக்கு மாசியில் பூச்சொரிதல். அன்று இரவு தட்டுத் தட்டாகப் பூ வந்து விழ, உருவம் பூவுக்குள் போய்விடும். நார்த்தாமலையிலும் கொன்னையூரிலும் பங்குனி. அந்தத் திருவிழாக்களைத் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும்.

அம்மன் காசுக்கு வருவோம். 1948 மார்ச் 3-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தது. கடைசி மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான். காசின் ஆட்சியும் அதோடு முடிந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாகி, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டம் ஆனது புதுக்கோட்டை. செல்லாக் காசை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் பலர் வைத்துக்கொண்டார்கள், பூசை மாடத்திலும் வெற்றிலைப் பெட்டியிலும். காசு போன பிறகு அம்மனின் வேலைதான் மாறிவிட்டது. ஏதாவது தொலைந்துபோனால் அரைக்காசு அம்மனை நினைத்து ஒரு கட்டி வெல்லம் வேண்டிக்கொண்டால் கிடைத்துவிடும் என்பது இன்று சென்னை வரை பரவிய நம்பிக்கை. வண்டலூர் அருகே இரத்தினமங்கலத்தில் அவளுக்குத் தனிக்கோயிலே உண்டு. புதுக்கோட்டையை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள்கூட வண்டிச் சாவியைத் தேடும்போது அவளைக் கூப்பிடுகிறார்கள். நான் மட்டும் என்னவாம்? இந்தக் கட்டுரைக்காக அப்பத்தாவின் காசைத் தேடி வீட்டை இரண்டு நாள் புரட்டினேன். அரைக்காசு அம்மனைக் கண்டுபிடிக்க அரைக்காசு அம்மனுக்கே வெல்லம் வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்திலேயே, கோயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் சென்னைக்கு அடுத்தபடியாகப் பெரியது. பாறையில் ஏழு தாய்மாரைப் பார்த்துவிட்டு, பிரகதாம்பாளைக் கும்பிட்டுவிட்டு, அங்குள்ள நாணயங்களையும் கற்சிலைகளையும் ஒரே காலையில் முடித்துவிடலாம். அம்மனுக்கு உகந்தது என்று வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள். அன்று கோயில் திறந்திருக்கும், அருங்காட்சியகத்துக்கு வாரவிடுமுறை.

(தொடரும்)