முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்: தவறவிட்ட அறிகுறிகள் என்னும் கேள்வியின் வரலாறு

முன்னிற்கும் சுரப்பி என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சிறிய சுரப்பி. மக்கள் பேச்சில் இது புராஸ்டேட் எனப்படுகிறது. ‘முன்னே நிற்பது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. தமிழ்க் கலைச்சொல்லும் அதே பொருளைத் தாங்கி நிற்கிறது. இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் 60 வயதைக் கடந்தவர்களைத் தாக்குகிறது. நோய் உறுதியான அன்றே நோயாளியும் குடும்பத்தாரும் கேட்கும் முதல் கேள்வி, "இதை முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா?" என்பதாகும். இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் அளித்த விடை 170 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. அந்த மாற்றங்களின் வரலாறும், சென்னையின் தென்புறநகரான அனகாபுத்தூர் போன்ற ஊர்களுக்கு அது தரும் பாடமும் இக்கட்டுரையில் தொகுக்கப்பட்டுள்ளன.

மறைந்து நிற்கும் நோய்

அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் உள்ள நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் இங்கு நெய்யப்பட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி நைஜீரியாவுக்கு ஏற்றுமதியானது. இப்போது வாழைநார்ச் சேலைகளால் ஊர் அறியப்படுகிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது இவ்வூரும் அதில் இணைந்தது.

இத்தகைய ஊரில் முதியவர் ஒருவர் இரவில் நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார் என்றால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையால் என்பர். இல்லையென்றால் வயதானால் அப்படித்தான் என்பர். கடுப்பும் இருந்தால் உடல்சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்பர். இடுப்பு வலி என்றாலோ, ஆயுள் முழுதும் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்தவருக்கு இடுப்பு வலிப்பதில் யாருக்கும் ஐயம் எழாது. இந்த விளக்கங்கள் எல்லாம் பெரும்பாலான நேரங்களில் சரியானவையே. புற்றுநோய் அவற்றின் பின்னே மறைந்து நிற்க முடிவது அதனால்தான்.

"மிக அரிய நோய்"

இந்நோயை நுண்ணோக்கியின் துணையோடு முதன்முதலில் விளக்கியவர் இலண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஆடம்ஸ். 1853இல் அவர் இதை மிக அரிய நோய் என்றே குறித்தார். அன்று அது அரிதாகத் தோன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இந்நோய் வரும் வயதுவரை வாழ்ந்தவர்கள் குறைவு. வாழ்ந்தவர்களுக்கும் நீரடைப்பு வந்தால், அது சாதாரண வீக்கமா புற்றா என்று பிரித்தறியும் முறை இல்லை.

பிரித்தறிய வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியூ ஹாம்ப்டன் யங். 1904இல் அவர் புற்றுற்ற சுரப்பியை முழுமையாக அகற்றும் அறுவையைச் செய்தார். மலக்குடல் வழியே விரலால் தடவிப் பார்த்து, கல்போன்ற கட்டி தென்பட்டால் உடனே ஐயுற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் விரலுக்குக் கட்டி தட்டுப்படும் நிலையில் பலருக்கு நோய் ஏற்கெனவே சுரப்பியைத் தாண்டியிருந்தது.

அறிகுறி ஏன் முன்னே வருவதில்லை

சுரப்பியின் உள்ளமைப்பை ஜான் மெக்நீல் ஆராய்ந்து மண்டலங்களாகப் பிரித்துக் காட்டிய பின்னரே இதற்கு விளக்கம் கிடைத்தது. வயதானவர்களுக்கு வரும் சாதாரண வீக்கம் சிறுநீர்க் குழாயை ஒட்டிய உள்மண்டலத்தில் தோன்றுகிறது. எனவே சிறிது வீங்கினாலும் குழாய் நெருக்கப்பட்டு, சிறுநீர் மெல்லிய தாரையாக வருகிறது. கழித்த பின்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது. புற்றுநோயில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 விழுக்காடு, குழாயிலிருந்து தள்ளியுள்ள புறமண்டலத்தில் தோன்றுகிறது. அங்கே அது பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தராமல் வளர முடியும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. நோய் தெரிந்த பின் திரும்பிப் பார்த்து, "ஐந்து ஆண்டுகளாகவே சிறுநீர்த் தொல்லை இருந்ததே" என்று குடும்பத்தார் வருந்துவது உண்டு. அந்தத் தொல்லை பெரும்பாலும் அதே சுரப்பியில் உடனிருந்த சாதாரண வீக்கத்தால் வந்ததாகவே இருக்கும். வீக்கமும் புற்றும் ஒருவரிடமே இருக்கலாம். வீக்கம் புற்றாக மாறுவதில்லை.

இடுப்பு வலியின் கதை வேறு. 1940இல் ஆஸ்கர் பேட்சன் என்பவர், இடுப்புக் குழியின் சிரைகளுக்கும் முதுகெலும்பைச் சுற்றிய சிரை வலைக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று காட்டினார். இந்நோய் முதுகெலும்புக்குப் பரவுவதற்கு அது ஒரு வழியாகக் கருதப்படுகிறது. ஆகவே எலும்பு வலி இந்நோயில் தொடக்க அறிகுறி அன்று. முற்றிய நிலையின் அறிகுறி. அந்த வலியைத் தறியின்மேல் போட்டுவிட்டால் இழப்பது மாதங்கள். அந்த மாதங்களும் மதிப்புடையவை. முதுகுத்தண்டு நசுங்கிக் கால் செயலிழப்பதற்கு முன் மருத்துவம் தொடங்கினால் நோயாளி நடமாட்டத்தோடு வாழலாம்.

முற்றிய பின்னும் வாழ்வு

1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்சும் கிளாரன்ஸ் ஹாட்ஜசும், ஆண் இயக்குநீரைத் தடுத்தால் இப்புற்று சுருங்கும் என்று கண்டனர். விரைகளை அகற்றும் எளிய அறுவையால் எலும்பு வலியில் துடித்தவர்கள் எழுந்து நடந்தனர். 1966இல் ஹக்கின்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் ஊசி மருந்துகள் வந்தன. ஆனாலும் செலவு குறைந்தது என்பதால் அந்த அறுவை இன்றும் இந்தியாவில் வழக்கில் உள்ளது.

பிரான்சின் அதிபர் பிரான்சுவா மித்தரான் இதற்கு எடுத்துக்காட்டு. 1981இல் பதவியேற்ற சில மாதங்களில் அவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அப்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. மக்களுக்கு அது 1992 வரை சொல்லப்படவில்லை. ஆயினும் அவர் இரண்டு பதவிக்காலங்களை நிறைவு செய்து 1996 சனவரியில்தான் இறந்தார்.

இரத்தச் சோதனையின் வருகை

விரலுக்கு எட்டுமுன் நோயை அறியும் வழி 1979இல் திறந்தது. அமெரிக்காவின் ராசுவெல் பார்க் நிறுவனத்தில் மிங் சூ தலைமையிலான குழு, முன்னிற்கும் சுரப்பிக்கே உரிய புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தது. அதை இரத்தத்தில் அளப்பதே பி.எஸ்.ஏ. சோதனை. நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்க 1986இலும், நோயைக் கண்டறிய உதவியாக 1994இலும் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. 4 நானோகிராம் என்பது எல்லைக்கோடாகப் பரவலாகக் கொள்ளப்பட்டது.

சோதனை வந்ததும், "முன்பே கண்டுபிடித்திருக்கலாம்" என்பதற்கு உறுதியான விடை கிடைத்துவிட்டதாக உலகம் நினைத்தது. விரைவில் மூன்று சிக்கல்கள் தெரிந்தன.

முதலாவது, அளவு கூடியவர்கள் எல்லோருக்கும் புற்று இல்லை. சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருத்தல் ஆகியவையும் அளவைக் கூட்டும்.

இரண்டாவது, அளவு குறைந்தவர்கள் எல்லோரும் நோயற்றவர்கள் அல்லர். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 4 நானோகிராமுக்கு மேற்படாத 2,950 ஆண்களுக்குத் திசுச் சோதனை செய்தபோது 15 விழுக்காட்டினருக்குப் புற்று இருந்தது.

மூன்றாவது சிக்கலே பெரியது. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடல்களை ஆராய்ந்த ஆர்னால்டு ரிச், 50 வயதைக் கடந்தவர்களில் 14 விழுக்காட்டினரிடம் சிறு புற்றுப் புள்ளிகள் இருந்ததாக 1935இலேயே எழுதியிருந்தார். வாழ்நாள் முழுதும் அவை அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. பி.எஸ்.ஏ. சோதனை இத்தகைய தீங்கற்ற புற்றுகளையும் வெளிக்கொணர்ந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்ற பலர், தேவையில்லாமலே சிறுநீர்க் கசிவுக்கும் ஆண்மைக் குறைவுக்கும் ஆளாயினர்.

2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, தொடர் சோதனையால் இந்நோய் இறப்பு 20 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. ஆனால் ஓர் இறப்பைத் தவிர்க்க 1,410 பேரைச் சோதித்து 48 பேருக்கு மருத்துவம் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012இல் இச்சோதனை வேண்டாம் என்றது. 2018இல் அதை மாற்றி, 55 முதல் 69 வயதினர் மருத்துவரோடு கலந்து பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றது. 70 வயதுக்கு மேல் வேண்டாம் என்ற கருத்தை வைத்துக்கொண்டது.

உலகறிந்த எடுத்துக்காட்டு

2025 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 82 வயதில் இந்நோய் இருப்பது அறிவிக்கப்பட்டது. கிளீசன் அளவு 9, எலும்புக்குப் பரவிய நிலை. சிறந்த மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று பலரும் கேட்டனர். அவருக்கு இறுதியாகப் பி.எஸ்.ஏ. சோதனை செய்யப்பட்டது 2014இல் என்று அவர் தரப்பு தெரிவித்தது. அப்போது அவர் வயது 70ஐக் கடந்திருந்தது. அதன்பின் சோதிக்காமல் விட்டது வழிகாட்டலுக்கு ஒத்ததே. எல்லா வசதியும் உடைய ஒருவருக்கே இந்நிலை என்றால், புறநகர்க் குடும்பம் ஒன்று தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்வதில் பெரிதும் நியாயம் இல்லை.

சென்னையும் புறநகரும்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934இல் திறக்கப்பட்டது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதை வளர்த்தனர்.

எத்தனை பேருக்கு எந்தப் புற்று என்று முறையாக எண்ணும் பணி 1982இல் சென்னை, பெங்களூர் நகரங்களில் தொடங்கியது. சென்னைப் பதிவேடு நகர எல்லைக்குள் வாழ்ந்தவர்களையே கணக்கிட்டது. அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அனகாபுத்தூர் அதற்கு வெளியே நின்றது. விமான நிலையத்துக்கு அருகில் இருந்தும், கணக்கில் அவ்வூர் தொலைவில்தான் இருந்தது. தமிழ்நாடு முழுமைக்குமான பதிவேட்டுத் திட்டம் 2012இல் தொடங்கிய பின்னரே இந்த இடைவெளி குறையத் தொடங்கியது.

அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே பொதுப் பரிசோதனை உண்டு. முன்னிற்கும் சுரப்பி அதில் இல்லை. மேலே கண்ட சிக்கல்களை எண்ணினால் அதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதன் விளைவாக, ஆண் ஒருவர் தாமே கேட்டாலன்றி யாரும் அவரைக் கேட்பதில்லை. கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. விரல் பரிசோதனை என்றதும் எழுந்து போய்விடுபவர்கள் உண்டு. சிறுநீர்த் தொல்லையை மனைவியிடம்கூடச் சொல்லாதவர்களும் உண்டு.

உண்மையில் தவறவிடப்படக் கூடியவை

வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், இந்நோயில் தவறவிடக் கூடியவை சிலவே. அவை பின்வருமாறு:

1. குடும்ப வரலாறு. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. தாய்வழியில் மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் இருந்தாலும் கவனம் வேண்டும். இத்தகையோர் 40 அல்லது 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசுவது நல்லது.

2. மாத்திரையின் விளைவு. சாதாரண வீக்கத்துக்குத் தரப்படும் பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகள் சில மாதங்களில் பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைக்கும். இதை அறியாதவர் 3 என்று வந்த அளவைச் சரியானது என நினைப்பார். உண்மையில் அது 6க்கு நிகர். சோதனைக்குப் போகும்போது உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோக வேண்டும்.

3. பழைய அறிக்கைகள். ஒரு முறை வந்த எண்ணைவிட, ஆண்டுதோறும் அது ஏறுகிறதா என்பதே பயன் தரும் செய்தி. அறிக்கைகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைப்பது செலவில்லாத காப்பு.

4. அறுவையில் எடுத்த துணுக்குகள். நீரடைப்புக்காகச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தால் அத்துணுக்குகள் திசுச் சோதனைக்குச் சென்றனவா, முடிவு என்ன என்று கேட்டு வாங்க வேண்டும்.

5. ஓய்வெடுத்தாலும் தணியாத, இரவில் மிகும் புதிய இடுப்பு அல்லது முதுகு வலி, சிறுநீரில் இரத்தம், கால் மரத்துப்போதல். இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

கேள்வியின் இன்றைய விடை

2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்கள் அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என எந்த வழியில் சென்றாலும், 15 ஆண்டுகள் கழிந்தும் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்கவில்லை. இப்போது எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்துகொண்டதால், யாருக்குத் திசுச் சோதனை தேவை என்று முன்னைவிட நன்றாகப் பிரிக்க முடிகிறது.

எனவே, "முன்பே கண்டுபிடித்திருக்கலாமா?" என்பதற்குச் சிலரிடம் ஆம் என்றும், பலரிடம் இல்லை என்றுமே விடை கூற இயலும். நோயுற்றவரின் வீட்டில் அக்கேள்வி மனைவியின் கவனக்குறைவையோ மகனின் அலட்சியத்தையோ தேடும் விசாரணையாக மாறினால் யாருக்கும் பயனில்லை. அதே கேள்வியை அந்த வீட்டின் மகன்களும் தம்பிகளும் தங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டால் அதற்குப் பயன் உண்டு. நோயுற்ற தந்தையின் அறிக்கை, அவர் மகனுக்குக் குடும்ப வரலாற்றின் முதல் பக்கம் ஆகிறது.