வல்லாரை

ஈரத்தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும் மூலிகை, கீரையாகவும் உண்ணப்படுவது. இலை வட்டமாக, காம்பருகே பிளவுபட்டு, விளிம்பில் மழுங்கிய பற்களோடு இருக்கும். கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம். தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா.

எடப்பாடி வட்டாரத்தில் இது எங்கும் மண்டிக் கிடக்கும் செடியல்ல. மழை குறைந்த நிலம்; மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயிலும் வழக்கமாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரைதான் தண்ணீர். வாய்க்கால் கசிவு, கிணற்றுத் தொட்டியடி, தென்னந்தோப்பு நிழல் என ஈரம் காயாத இடமாகப் பார்த்துத்தான் வல்லாரை பிழைக்கும்.

சித்த மருத்துவத்தில் இலைச்சாறும் பொடியும் வல்லாரை நெய்யும் நினைவாற்றலுக்கும் தோல்நோய்களுக்கும் வழங்கிவந்தன. மலபாரின் டச்சு அதிகாரி வான் ரீடு தொகுத்த ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ நூலில் இச்செடியின் படம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் ஹைட்ரோகோட்டில் என்ற பேரினத்தில் சேர்த்தார். 1879இல் உர்பான் என்ற தாவரவியலாளர் இன்றைய பெயருக்கு மாற்றினார்.

ஐரோப்பிய மருத்துவர்களை ஈர்த்தது நினைவாற்றல் அல்ல, தொழுநோய். மொரிஷியஸில் புவாலோ என்ற மருத்துவர் 1850களில் இதைத் தொழுநோய்க்குப் பரிந்துரைத்தார். பேச்சு சென்னைக்கும் எட்டியது. சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் சோதித்த ஹண்டர், 1855இல் நிதானமான தீர்ப்பே எழுதினார்: நோயைத் தீர்க்கும் தனி மருந்து என்று இதைக் கொள்ள முடியாது, ஆனால் தொல்லைகள் தணிகின்றன, உடல் தேறுகிறது. வல்லாரையைப் பற்றிய பழைய குறிப்புகளில் இவ்வளவு நேர்மையானவை அதிகமில்லை. 1868இல் வெளியான இந்திய மருந்து நூலிலும் வல்லாரை இலை இடம்பெற்றது.

1941இல் ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள் இதிலிருந்து பிரிக்கப்பட்டது. மடகாஸ்கரில் நடந்த தொழுநோய் ஆய்வுகள் பிற்பாடு புண் ஆற்றும் மருந்துகளுக்கு வழிவிட்டன. வல்லாரைச் சாறு இன்று களிம்புகளிலும் அழகுப் பொருள்களிலும் சேர்கிறது.

தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் வல்லாரை மாத்திரைகளின் கதை வேறு. சோதனை முடிவுகளைத் திரட்டி 2017இல் வெளியான ஆய்வு, அறிவாற்றல் கூடியதற்குத் தெளிவான சான்றில்லை என்றது. விழிப்பும் மனநிலையும் சற்று மேம்படலாம் என்றும் சொன்னது. கல்லீரல் பாதிப்பும் அரிதாகப் பதிவாகியுள்ளது. மருந்தளவில் நீண்டநாள் உண்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சமையலில் துவையல், பருப்புக்கூட்டு, தோசைமாவில் அரைத்துக் கலப்பது எனப் பல வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பச்சையாக நறுக்கித் தேங்காய்ப்பூ, வெங்காயம் சேர்த்துச் சம்பல் செய்வார்கள். கசப்பு அதில்தான் இதமாகப்படும். மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும் செடி என்பதால் சாக்கடை ஓரத்திலும் ஆலைக்கழிவு கலக்கும் ஓடைக்கரையிலும் முளைத்ததைப் பறிக்கக் கூடாது. வீட்டுக்குத் தேவையானதை, வேர்விட்ட கணு ஒன்றைத் தொட்டியில் ஊன்றி நிழலில் வைத்தே வளர்த்துக்கொள்ளலாம்.