பச்சை மண்ணும் பக்கா வீடும்

மொழியியல் படித்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: வீட்டைப் பார்க்குமுன் அதற்கு இட்ட பெயரைப் பார்ப்பது. இந்தி வழங்கும் ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் இரண்டே வகை: கச்சா, பக்கா. சமைத்தது, பழுத்தது எனப் பொருள்படும் 'பக்வ' என்னும் வடசொல்லின் வழிவந்தது 'பக்கா'. சூளையில் வெந்த செங்கல் பக்கா; வெயிலில் மட்டும் காய்ந்தது கச்சா. தமிழிலும் சுடாத கல் பச்சைக்கல்தான். சொல்லின் அடிப்படைப் பொருளில் இது செய்முறை வேறுபாடு மட்டுமே. ஆனால் 'பக்கா' என்றால் குறையற்றது என்று இன்று நாமே சொல்கிறோம். செய்முறையைக் குறித்த சொல் மதிப்பெண் ஆகிவிட்டது.

அந்த மதிப்பெண் அரசின் ஏட்டிலும் ஏறியிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கல்நார்த் தகடு 'நிரந்தர'ச் சுவர்ப்பொருள். மண்ணும் சுடாத கல்லும் 'தற்காலிக'மானவை. 2016இல் தொடங்கிய ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில், கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட ஓரிரு அறை வீட்டினர் வீடற்றோருடன் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். இந்த வரையறைப்படி, சேவாகிராமத்தில் மீராபென் கட்டி, பின்னர் காந்தி குடியிருந்த மண்சுவர்க் குடிலும் நிரந்தர வீடு ஆகாது. 1930களில் எழுந்த அக்குடில் இன்றும் நிற்கிறது என்பது வேறு செய்தி.

இந்தப் பாகுபாட்டை நிலநடுக்கம் ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதி 7.7 அளவில் குலுங்கியபோது, நடுவிடத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தன. கட்சின் பன்னி நிலத்தில் 'புங்கா' எனப்படும் வட்ட மண்வீடுகள் பல நின்றன. காரணம் வடிவத்தில் இருந்தது. வட்டச் சுவருக்கு மூலை இல்லை; பக்கவாட்டு விசை ஓரிடத்தில் குவியாமல் சுவர் முழுவதும் பரவுகிறது. சுவர் தடிமனானது, உயரம் குறைந்தது. மேலே கனமற்ற கூம்புவடிவப் புற்கூரை. எல்லாப் புங்காக்களும் தப்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பராமரிப்பின்றிக் கிடந்தவை சேதமடைந்தன.

அந்தப் பராமரிப்பு யாருடையது? களிமண்ணும் சாணமும் குழைத்து மீண்டும் மீண்டும் மெழுகும் உழைப்பு பெரிதும் பெண்களுடையது. மண்வீட்டை எளிய வாழ்வின் சின்னமாக வியக்கும் நம் எழுத்துகள் (என்னுடையவையும்தான்) இதைப் பெரும்பாலும் கடந்து போகின்றன. பக்கா வீடு கேட்கும் பெண்ணின் விருப்பத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கைத்திறனுக்குத் 'தற்காலிகம்' என்று பெயரிட்ட ஏட்டோடுதான் என் வழக்கு.

நிலநடுக்கத்துக்குப் பின் கட்சில் கட்டப்பட்ட புதிய புங்காக்கள் சிலவற்றில், சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கற்களைப் பயன்படுத்தினர். அவை சூளையைக் காணாதவை, மழைக்குக் கரையாதவை. கணக்கெடுப்பாளர் படிவத்தோடு வந்தால் அவற்றை எந்தக் கட்டத்தில் குறிப்பார்?